இருட்டில் நிற்கும் கோடுகள்: சினிமா கேமராவின் சென்சாரை அளவுத்திருத்தி இரைச்சலைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கொடைக்கானலில் ஒரு டிசம்பர் இரவு. கதாநாயகி ஒரே ஓர் அரிக்கேன் விளக்கோடு பழைய வீட்டின் வராந்தாவில் நடந்து வர வேண்டும். சின்ன மானிட்டரில் படம் அழகாகத் தெரிந்தது, நிறைவோடு மலையிறங்கினோம். மூன்று வாரங்கள் கழித்து டி.ஐ. அறையின் (படத்தின் நிறத்தையும் ஒளியையும் கணினியில் சீராக்கும் இடம்) பெரிய திரையில் அதே காட்சி ஓடியபோது, அவளுக்குப் பின்னாலிருந்த இருட்டில் மெல்லிய செங்குத்துக் கோடுகள் தெரிந்தன. அவள் நடந்தாள், கேமராவும் நகர்ந்தது, கோடுகள் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றன.

கேமரா வாடகைக்கு எடுத்தது. அதன் சென்சாருக்கு, அதாவது ஒளியைப் படமாக மாற்றும் சில்லுக்கு, கடைசியாக அளவுத்திருத்தம் செய்தது சென்னையில், ஒரு மே மாத நண்பகலில். அதை நான் கேட்டறிந்திருக்க வேண்டும், கேட்கவில்லை. அந்தக் காட்சியைச் சீராக்க டி.ஐ.யில் இரண்டு நாட்கள் போயின. அன்றிலிருந்து எந்தக் கேமரா கைக்கு வந்தாலும் நான் செய்யும் வேலைகளை, செய்யும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். ரெட் நிறுவனத்தின் டிஎஸ்எம்சி2 வகைக் கேமராக்களை மையமாக வைத்துச் சொல்கிறேன். பயன்படுத்துபவர் கையில் அளவுத்திருத்தத்தை முழுமையாக ஒப்படைத்திருப்பவை அவை. மற்ற கேமராக்கள் பின்னால் வருகின்றன.

எது இரைச்சல்?

படத்தில் தேவையில்லாமல் தெரியும் புள்ளிகள், கோடுகள் எல்லாவற்றையும் படப்பிடிப்புத் தளத்தில் 'நாய்ஸ்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன, மருந்துகளும் வெவ்வேறு.

முதலாவது, ஒளியின் இயல்பிலேயே உள்ள இரைச்சல். முற்றத்தில் அடுத்தடுத்து இரண்டு கிண்ணங்களை வைத்தால் மழை இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் துளிகளைப் போடாது. ஒளித்துகள்களும் அப்படித்தான் பிக்சல்களில் விழுகின்றன. ஒரு பிக்சலில் 10,000 எலக்ட்ரான்கள் சேர்ந்தால் அதில் ஏறக்குறைய 100 ஏற்ற இறக்கம் இருக்கும், அதாவது 1 விழுக்காடு. 100 எலக்ட்ரான்களே சேர்ந்தால் ஏற்ற இறக்கம் 10. எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் விழுக்காட்டில் 10. நிழல்கள் கொதிப்பதற்குக் காரணம் இதுதான். இதை எந்த அளவுத்திருத்தமும் தொடாது. கூடுதல் ஒளி ஒன்றே மருந்து.

இரண்டாவது, பிக்சலின் மின்னூட்டத்தைப் படித்து எண்ணாக மாற்றும் மின்சுற்று சேர்க்கும் இரைச்சல். இதுவும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவதுதான் நம் விஷயம். ஒளியே படாவிட்டாலும் சென்சாரின் வெப்பத்தால் ஒவ்வொரு பிக்சலிலும் எலக்ட்ரான்கள் கசிந்து சேர்கின்றன. ஏறத்தாழ ஒவ்வொரு 6 முதல் 8 டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் இந்தக் கசிவு இரட்டிப்பாகிறது. எல்லாப் பிக்சல்களும் ஒரே அளவில் கசிந்தால் சிக்கல் இல்லை. சில அதிகமாகக் கசியும். சென்சாரின் ஒவ்வொரு செங்குத்து வரிசைக்கும் தனித்தனிப் படிப்பான் இருப்பதால் வரிசைக்கு வரிசையும் சிறு வேறுபாடு இருக்கும். இவை சேர்ந்து அசையாத ஒரு கோலத்தைப் போடுகின்றன. அசையாதது என்பதால்தான் அதை முன்கூட்டியே அளந்து கழிக்க முடிகிறது. அளக்கும் அந்த வேலைதான் அளவுத்திருத்தம்; அளந்த கோலத்தின் பதிவை இனி வரைபடம் என்கிறேன். வெப்பநிலையும் ஷட்டர் திறந்திருக்கும் நேரமும் மாறினால் கோலமும் மாறிவிடும் என்பதால், அளந்தது பழையதாகிவிடுகிறது. கொடைக்கானலில் நடந்தது அதுதான்: சூடான சென்சாரின் கோலத்தைக் குளிர்ந்த சென்சாரிலிருந்து கழித்திருந்தது கேமரா. இல்லாததைக் கழித்தால் அதன் தழும்புதான் மிஞ்சும்.

முதல் படி: எந்த நோய் என்று கண்டுபிடியுங்கள்

லென்ஸைக் கழற்றி, கேமராவின் வாயை அடைக்கும் உடல்மூடியைப் போடுங்கள். படப்பிடிப்பில் பயன்படுத்தப்போகும் அதே ஷட்டர், அதே ஃபிரேம் வேகம். 10 விநாடி பதிவு செய்யுங்கள். அந்தத் துண்டை டாவின்சி ரிசால்வ் என்ற நிறச்சீரமைப்பு மென்பொருளில் திறந்து, ரா அமைப்பில் (பதப்படுத்தாத பதிவுக்கான பகுதி) ஐஎஸ்ஓவை, அதாவது உணர்திறன் எண்ணை, 6400க்கு உயர்த்துங்கள். போதாவிட்டால் கெயினையும் தூக்குங்கள். இரைச்சல் நீக்கும் எந்த வசதியும் இயங்கக் கூடாது. இப்போது துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, 100 விழுக்காடு பெரிதாக்கத்தில் பாருங்கள்.

துள்ளிக்கொண்டே இருப்பவை தற்செயல் இரைச்சல். நின்ற இடத்திலேயே நிற்பவை கோலம். கண்ணுக்கு இதுவே பெரும்பாலும் போதும்.

இன்னும் உறுதியாக அறிய இரண்டு வழிகள் உண்டு. அதே துண்டை மேலே இன்னொரு அடுக்காக வைத்து ஒரு ஃபிரேம் தள்ளி, கலப்பு முறையை வேறுபாடு என்று மாற்றினால் நின்றவை எல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது தற்செயல் இரைச்சல் மட்டும். கோலத்தை மட்டும் பார்க்க வேண்டுமானால், ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம் தள்ளியிருக்கும்படி நான்கு அடுக்குகள் வைத்து, கலப்பு முறையைச் சாதாரணமாகவே விட்டு, கீழிருந்து மேலாக ஒளிபுகாமையை 100, 50, 33, 25 விழுக்காடு என்று கொடுங்கள். நான்கின் சராசரி கிடைக்கும்; தற்செயல் இரைச்சல் பாதியாகிவிடும். 16 அடுக்குகள் வைத்தால் கால் பங்காகும். கோலம் தெளிவாக மேலெழும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. படத்தில் கிடைமட்டப் பட்டைகள் மேலோ கீழோ மெல்ல ஊர்ந்தால், அது சென்சாரின் குற்றமாக இருக்க வாய்ப்பு குறைவு. மங்கலாக்கிய எல்இடி விளக்கின் துடிப்போ மின்சார அதிர்வெண்ணோ காரணமாக இருக்கும். மூடி போட்ட துண்டில் அந்தப் பட்டைகள் காணாமல் போனால் விளக்கைப் போய்ப் பாருங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுப்பவர்கள் ஷட்டர் கோணத்தை 172.8 டிகிரியில் வைத்தால் திறப்பு நேரம் 1/50 விநாடியாகி, பல விளக்குகளின் துடிப்பு அடங்கிவிடும்.

இரண்டாம் படி: கேமரா சூடேறட்டும்

அவசரத்தில் எல்லோரும் தாண்டிவிடும் படி இது. இங்கே பொறுமை இல்லையென்றால் மற்ற எல்லாம் வீண். கேமராவை இயக்கியவுடன் சென்சார் குளிர்ந்திருக்கும். அரை மணி நேரத்தில் அது முற்றிலும் வேறொரு வெப்பநிலையில் நிற்கும். அந்த இரண்டாவது வெப்பநிலையில்தான் நீங்கள் நாள் முழுவதும் படமெடுக்கப் போகிறீர்கள்.

ஆகவே படமெடுக்கும் இடத்திலேயே கேமராவை இயக்கி, குறைந்தது 20 நிமிடம், முடிந்தால் 30 நிமிடம் விடுங்கள். ஏசி அறையில் அளவுத்திருத்தம் செய்து வெயிலுக்குக் கொண்டுபோவதில் பயனில்லை. மின்விசிறி அமைப்பு, படமெடுக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே இருக்க வேண்டும். பதிவின்போது விசிறி மெதுவாகச் சுழலும்படி வைத்திருந்தால், பதிவு ஓட ஓட வெப்பம் ஏறும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். நான் சில நிமிட ஒத்திகைப் பதிவுகள் ஓடவிட்டு, கேமரா காட்டும் உள்வெப்பநிலை ஐந்து நிமிடம் அசையாமல் நின்ற பிறகுதான் தொடங்குகிறேன்.

மூன்றாம் படி: ஒரு துளி ஒளியும் நுழையக் கூடாது

சென்சாருக்கு எட்டும் சிறு ஒளிக்கசிவும் அந்த வரைபடத்தில் பதிந்து, பிறகு எடுக்கும் ஒவ்வொரு ஃபிரேமிலிருந்தும் கழிக்கப்படும். வெயிலில் நின்று அளவுத்திருத்திய கேமராவின் படத்தில் ஒரு மூலை மட்டும் காரணம் தெரியாமல் இருண்டு, நிறம் திரிந்து நின்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

லென்ஸை மாட்டி அதன் முன்னால் மூடி போடுவது போதாது. லென்ஸைக் கழற்றி, மவுண்டுக்குரிய (லென்ஸ் பொருந்தும் வளையம்) உடல்மூடியை இறுக்கமாகப் போடுங்கள். உலோக மூடி சிறந்தது. மெல்லிய பிளாஸ்டிக் மூடிகள் பலமான ஒளியில் கசியும். நிழலுக்கோ இருண்ட அறைக்கோ கொண்டுபோங்கள், அதன்மேல் மவுண்டைச் சுற்றி ஒரு கறுப்புத் துணி. துணி காற்றுத் துளைகளை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடைத்தால் வெப்பம் ஏறி, நீங்கள் அரை மணி நேரம் காத்திருந்தது கெட்டுவிடும். இதே காரணத்தால்தான் கேமராவை முழுவதுமாகக் கறுப்புப் பைக்குள் திணிப்பதையும் நான் ஏற்பதில்லை.

நான்காம் படி: ஷட்டர் நேரத்தை வையுங்கள்

கசிவு நேரத்தோடு கூடிக்கொண்டே போவது. 1/48 விநாடியில் அளந்த வரைபடம் 1/50க்கும் சரிவரும். அரை விநாடி திறந்திருக்கும் இரவு நேர டைம்லாப்ஸுக்கு அது அறவே உதவாது. அதற்கென்று தனி வரைபடம் வேண்டும். மெதுவியக்கக் காட்சியில் திறப்பு நேரம் குறைவதால் கசிவும் குறைவு. அங்கே பொருத்தமின்மை அவ்வளவாகத் தெரியாது. எனவே உங்கள் படத்தின் முதன்மை ஷட்டர் எதுவோ அதை வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போகலாம்.

ஐந்தாம் படி: அளவுத்திருத்தத்தை ஓட்டுங்கள்

மின்கலம் முழுமையாக இருக்கட்டும்; மின் இணைப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. நடுவில் அணைந்துவிடக் கூடாது. மெனுவில் பராமரிப்புப் பகுதிக்குள் அளவுத்திருத்தம் என்ற பிரிவு இருக்கும். 'பிளாக் ஷேடிங்' என்று ரெட் பயனர்கள் சொல்வது இதைத்தான். தொடங்கியதும் கேமரா பல இருட்டு ஃபிரேம்களை எடுத்துச் சராசரி காண்கிறது. ஒரே ஃபிரேமை எடுத்துக் கழித்தால் அந்த ஃபிரேமிலிருந்த தற்செயல் இரைச்சலும் கோலமாக அச்சாகிவிடும். சராசரி காண்பது அதைத் தவிர்க்கத்தான். சில நிமிடங்கள் ஆகும். அதுவரை கேமராவைத் தொட வேண்டாம்.

முடிந்ததும் வரைபடத்தைப் பெயரிட்டுச் சேமியுங்கள். பெயரில் வெப்பநிலையும் ஷட்டர் நேரமும் இருக்க வேண்டும். 'புதியது', 'கடைசி' என்றெல்லாம் பெயர் வைத்தால் பத்து நாட்களில் உங்களுக்கே பொருள் தெரியாது.

ஆறாம் படி: சரிபாருங்கள்

மூடியைக் கழற்றாமல் மறுபடியும் 10 விநாடி. முதல் படியில் எடுத்த துண்டின் பக்கத்தில் வைத்து, அதே அளவு தூக்கிப் பாருங்கள். கோடுகளும் நின்ற புள்ளிகளும் மறைந்திருக்க வேண்டும்; துள்ளும் இரைச்சல் அப்படியே இருக்கும், அது இயல்பு. கோடுகள் இன்னும் இருந்தால் சூடேற்றியது போதவில்லை, அல்லது ஒளி கசிந்திருக்கிறது. முதலிலிருந்து செய்யுங்கள்.

பிறகு லென்ஸை மாட்டி, சீராக ஒளியூட்டிய சாம்பல் சுவரைக் குவியம் கலைத்து எடுங்கள். இருட்டில் செய்யும் அளவுத்திருத்தம் ஒளியில் தெரியும் கறைகளை நீக்காது. இந்தத் துண்டில் தெரியும் மங்கலான வட்டங்கள் சென்சார் முன்னுள்ள தூசி. அது துடைத்துத் தீர வேண்டியது.

டிஎஸ்எம்சி2 கேமராக்களின் திரையில் தகவல் வரிசையில் ஆங்கில எழுத்துகளான 'டி', 'இ' இரண்டும் நிறத்தோடு தெரியும். 'டி' வெப்பநிலையையும் 'இ' திறப்பு நேரத்தையும் குறிக்கின்றன. பச்சை என்றால் இயங்கும் வரைபடம் இப்போதைய நிலைக்குப் பொருந்துகிறது. நிறம் மாறினால் பொருத்தம் விலகுகிறது. கொடைக்கானலில் அந்த எழுத்து இரவு முழுவதும் சிவப்பாக நின்றிருக்க வேண்டும். நாங்கள் யாரும் அந்த மூலையைப் பார்க்கவில்லை. இப்போது என் உதவியாளர்களிடம் நான் முதல் நாளே சொல்வது, ஃபோகஸைப் பார்க்கும் கண்ணோடு அந்த இரண்டு எழுத்துகளையும் பாருங்கள் என்பதுதான்.

ஒன்றுக்கு மேற்பட்ட வரைபடங்கள்

கடற்கரையில் பகல், மலையில் இரவு என்று போகும் படத்துக்கு ஒரு வரைபடம் போதாது. வெயிலுக்கு ஒன்று, சராசரி உள்ளரங்குக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று மூன்று வைத்துக்கொண்டு இடத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். ஒவ்வொன்றையும் அந்தந்த இடத்தில், அந்தந்த நேரத்தில்தான் எடுக்க முடியும். மலைக்குப் போன முதல் மாலையில், விளக்குகள் கட்டும் நேரத்தில் கேமராவைத் தனியே சூடேற்றி இந்த வேலையை முடித்துவிடலாம். படப்பிடிப்பின் ஒரு நிமிடமும் வீணாகாது. கேமராவின் மென்பொருளைப் புதுப்பித்தாலும் புதிதாகச் செய்துவிடுங்கள்.

மற்ற கேமராக்கள்

கேனன் சினிமா வரிசையில் இதற்கு ஏபிபி என்று பெயர்: தானியங்கிக் கருப்புச் சமநிலை. உடல்மூடி போட்டு மெனுவிலிருந்து ஓட்ட வேண்டும். நடக்கும்போது திரையில் விசித்திரமான வடிவங்கள் தோன்றலாம், பயப்பட வேண்டாம். வெப்பநிலை வெகுவாக மாறினாலும், ஐஎஸ்ஓவை மாற்றினாலும், கேமரா நெடுநாள் அலமாரியில் கிடந்தாலும் திரும்பச் செய்யுங்கள். பானசோனிக்கின் வேரிகாம், ஈவிஏ1 கேமராக்களிலும் ஏபிபி உண்டு.

சோனியின் எஃப்எஸ்7, எஃப்எக்ஸ்6, எஃப்எக்ஸ்9, வெனிஸ் ஆகியவற்றில் இருப்பது ஏபிஆர், அதாவது பிக்சல் மீட்பு. பழுதாகி எப்போதும் வெள்ளையாக எரியும் பிக்சல்களைக் கண்டுபிடித்து, அண்டைப் பிக்சல்களைக் கொண்டு நிரப்புகிறது. அண்டவெளியிலிருந்து வரும் கதிர்கள் இப்படிப் பிக்சல்களைக் கெடுக்கும். உயரத்தில் அக்கதிர்கள் அதிகம் என்பதால் விமானப் பயணம் முடித்து வந்த கேமராவில் ஏபிஆர் ஓட்டிவிடுவது நல்ல பழக்கம்.

ஆரி அலெக்சாவில் நீங்கள் செய்ய வேண்டியது இதில் எதுவுமில்லை. அளவுத்திருத்தம் தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. சென்சாரின் வெப்பநிலையைக் கேமராவே கட்டுக்குள் வைத்துக்கொள்கிறது. சூடேற நேரம் கொடுங்கள், போதும்.

அளவுத்திருத்தம் தீர்க்காதவை

கோலத்தைக் கழித்த பிறகும் படம் கொதிக்கிறதென்றால் ஒளி போதவில்லை. இரண்டு அடிப்படை ஐஎஸ்ஓ உள்ள கேமராவாக இருந்தால் அந்த இரண்டு எண்களை மனப்பாடம் செய்யுங்கள். வேரிகாம் 35இல் 800, 5000. வெனிஸில் 500, 2500. ரெட் ஜெமினியில் 800, 3200. எஃப்எக்ஸ்6இல் எஸ்-லாக்3 என்ற சோனியின் பதிவு முறையில் எடுக்கும்போது 800, 12800. உயர் அடிப்படையில் மின்சுற்றே வேறு பாதைக்கு மாறுகிறது. அதனால் எஃப்எக்ஸ்6இல் 6400ஐ விட 12800 தூய்மையான நிழலைத் தரும். எண் பெரிதாயிற்றே என்று அஞ்சி நடுவில் நிற்பவர்கள் இரண்டு பக்கத்தின் குறையையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

ரெட் கேமராவில் ஒரே உணர்திறன் நிலைக்குள் ஐஎஸ்ஓ என்பது பதிவோடு போகும் ஒரு குறிப்பு மட்டுமே. சென்சாருக்கு அது தெரியாது. 800 என்று அளந்து எடுக்கும் காட்சியை 400 என்று அளந்து ஒரு ஸ்டாப் கூடுதல் ஒளி (இரண்டு மடங்கு ஒளி) கொடுத்தால், நிழலில் இரண்டு மடங்கு எலக்ட்ரான்கள் சேரும். அதற்கு விலையாக வெண்மைப் பகுதியில் ஒரு ஸ்டாப் இழக்கிறீர்கள். விளக்கோ சன்னலோ சட்டகத்துக்குள் இல்லாத இரவுக் காட்சிக்கு இது நல்ல பேரம் என்பது என் கணிப்பு. நண்பகல் வானத்துக்குச் செய்யாதீர்கள்.

நீல அலைவரிசையைத் தனியே கவனியுங்கள். 3200 கெல்வின் ஒளியில் நீலம் குறைவு. வெண்சமநிலை அதைப் பெருக்கும்போது அதன் இரைச்சலும் பெருகும். தெருவிளக்கின் சோடியம் ஆவி ஒளியில் நீலம் இல்லையென்றே சொல்லலாம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சிறு எல்இடி விளக்கை 5600 கெல்வினில் நிரப்பொளியாகக் கொடுங்கள். அல்லது அந்த மஞ்சளை முழுவதும் திருத்தாமல் படத்தின் நிறமாகவே விட்டுவிடுங்கள்.

தளத்தை விட்டுக் கிளம்புமுன்

இரைச்சல் நீக்கும் மென்பொருள் கடைசியில்தான் வர வேண்டும். ஃபிரேம்களை ஒப்பிட்டு நீக்கும் முறையை முதலில் மிதமாகப் போட்டு, பிறகு தேவைப்பட்டால் மட்டும் ஒற்றை ஃபிரேமுக்குள் மென்மையாக்கும் முறையைச் சேருங்கள். இரண்டாவதை அதிகம் போட்டால் முகங்கள் மெழுகாகிவிடும். நின்ற கோலம் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே இடத்தில் இருப்பதால், முதல் முறை அதைப் படத்தின் பகுதி என்று நினைத்துப் பத்திரமாகப் பாதுகாத்துவிடும். அந்த டி.ஐ. அறையில் எங்களுக்கு நேர்ந்தது அதுதான். மென்பொருளைப் போடப் போட இருட்டு அமைதியானது, கோடுகள் இன்னும் துலங்கின.

படத்தின் நிறத்தைச் சீராக்கும் கலரிஸ்ட் என்னைவிட மூத்தவர். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, அன்றைக்கு மூடி போட்டு எடுத்த ஷாட் ஏதாவது இருக்கிறதா? பத்து விநாடி இருந்தால்கூடப் போதும். அதைச் சராசரியாக்கி இதிலிருந்து கழித்துவிடலாம்."

இல்லை என்று சொன்னேன்.

இப்போது ஒவ்வொரு நாளும் கடைசி ஷாட் முடிந்ததும், கேமராவை அணைக்கும் முன், சூடு ஆறும் முன், உடல்மூடியைப் போட்டு அன்றைய ஷட்டரில் 10 விநாடி பதிவு செய்கிறோம். பகலில் வெப்பநிலையோ ஷட்டரோ மாறியிருந்தால் அந்தந்த இடைவேளையிலும் ஒன்று. கிளாப் பலகையில் 'கருப்பு' என்று எழுதி, அதன் கீழே உள்வெப்பநிலை, ஷட்டர் நேரம், இயங்கிக்கொண்டிருந்த வரைபடத்தின் பெயர் மூன்றையும் எழுதி, மூடி போடும் முன் ஒரு விநாடி காட்டிவிடுகிறோம். அன்றைய காட்சிகளோடு அதே வன்தட்டில் அதுவும் டி.ஐ.க்குப் போகிறது.